ஸ்விஃப்ட் நம்பரில் ஓர் எழுத்து குறைகிறது

1

நான் ஜெர்மனிக்கு வந்து பதினான்கு வருடம் முடிந்த அன்று, அம்மாவுக்கு அனுப்பிய பணம் என்னிடமே திரும்பி வந்தது. நாள் பார்த்து வந்தது என்று சொல்ல மாட்டேன். பதினான்கு வருடம் முடிந்ததே எனக்கு நினைவில்லை. அன்றைய தபாலில் காப்பீட்டு நிறுவனத்தின் கடிதமும் ஒன்று இருந்தது. பதினான்கு ஆண்டுகளாக எங்களோடு இருக்கிறீர்கள், மிக்க நன்றி, அடுத்த மாதத்திலிருந்து கட்டணம் உயர்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்மா கோவில்பதாகையில் இருக்கிறாள். அந்த ஊர் தெரியாதவர்களிடம் ஆவடி என்பேன். ஆவடியும் தெரியாதவர்களிடம் சென்னை. இங்கே பக்கத்து வீட்டில் கேட்டால் இந்தியாவின் தெற்குப் பக்கம். கேட்கிறவர் எவ்வளவு தூரமோ அவ்வளவு பெரிய ஊர் எங்களுடையது.

அப்பா இறந்த வருடம் இங்குள்ள வங்கியில் ஒரு நிரந்தர உத்தரவு எழுதிக் கொடுத்தேன். மாதம் பிறந்தால் முதல் தேதி அம்மாவின் கணக்குக்கு இருநூறு யூரோ போய்விடும். எனக்குக் காய்ச்சல் அடித்த மாதமும் போனது. வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த மாதங்களிலும் போனது. பதினொரு வருடமாக நான் தவறாமல் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் நான் செய்யவில்லை, கம்ப்யூட்டர் செய்தது.

திரும்பி வந்த பணம் முழுதாகத் திரும்பவில்லை. இருநூறில் நூற்று எழுபத்தொன்றுதான் வந்தது. போகும்போது ஒரு வங்கி எடுத்துக்கொண்டது, வரும்போது இன்னொரு வங்கி எடுத்துக்கொண்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிக்குத் தட்சிணை போய்விட்டது, வரம்தான் போய்ச் சேரவில்லை.

இந்தக் கழிவு விஷயம் அம்மாவுக்குப் பழக்கமானது. ஆரம்ப காலத்தில் ஒருநாள் போனில், போன மாதத்தைவிட நூற்றுப் பத்து ரூபாய் குறைவாக வந்திருப்பதாகச் சொன்னாள். நடுவில் இருக்கும் வங்கிகள் கை மாற்றி விடுவதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "வழியில புடிச்சிக்கிறானுங்களா" என்றாள். அவ்வளவுதான், சர்வதேச வங்கித்துறை அவளுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு மாதாமாதம், "இந்த வாட்டி வழியில எவ்ளோ புடிச்சிக்கினானுங்க" என்று கேட்பாள். நான் ஏதாவது ஒரு கணக்குச் சொல்வேன். "சரி உடு. வந்து சேந்துச்சு இல்ல" என்று முடித்துவிடுவாள்.

இரண்டு வருடமாக அம்மா அதைக் கேட்பதில்லை. பழகிவிட்டது போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

2

இங்கே வங்கிக்குள் சும்மா நுழைய முடியாது. முன்பதிவு செய்ய வேண்டும். எனக்குக் கிடைத்தது அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது.

குப்புசாமி அவர்களே வாருங்கள் என்று ஓர் அம்மையார் அழைத்துப் போனார். குப்புசாமி என் அப்பா. நான் ரவி. விசாவுக்கு விண்ணப்பித்த காலத்தில் என் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள், எழுதினேன், இந்த நாடு அதையே என் பெயராக எடுத்துக்கொண்டது. அப்பா கோவில்பதாகையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரைக்கும் சைக்கிள் மிதித்தவர். அதற்கு மேல் எங்கும் போனதில்லை. அவர் பெயர் ஜெர்மனியில் பதினான்கு வருடமாக வரி கட்டிக்கொண்டிருக்கிறது.

பெறுபவரின் வங்கிக் குறியீடு செல்லாததாகிவிட்டது என்று அந்த அம்மையார் சொன்னார். அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லை நான் அதுவரை எரிமலைக்கு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அணைந்துவிட்டது என்று அர்த்தம். என் அம்மாவின் வங்கியா அணைந்தது என்று கேட்டேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, வங்கி இன்னொரு வங்கியோடு சேர்ந்துவிட்டது, பழைய குறியீட்டைச் சில காலம் வைத்திருந்தார்கள், இப்போது எடுத்துவிட்டார்கள், புதியதை உங்கள் அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள் என்றார்.

இங்கே அதற்கு பிஐசி என்று பெயர். ஊரில் அப்படிக் கேட்டால் யாருக்கும் தெரியாது, ஸ்விஃப்ட் கோடு என்றுதான் சொல்வார்கள் என்று எனக்கு அரைகுறையாக ஒரு நினைவு. அம்மாவிடம் கேட்பதைவிடத் தம்பியிடம் கேட்பது சுலபம். தம்பி சேகர் அம்மா வீட்டின் மேல்மாடியில் குடும்பத்தோடு இருக்கிறான், கால் டாக்ஸி ஓட்டுகிறான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்செய்தி அனுப்பினேன். ஸ்விஃப்ட் நம்பர் அவசரமாக வேண்டும், எழுத்து எண் எல்லாம் சரியாகப் பார்த்து அனுப்பு என்றேன். வேறு எதுவும் சொல்லவில்லை.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ஊரிலிருந்து எந்தத் தகவலும் எனக்கு ஐந்து நிமிடத்தில் வந்ததில்லை. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

படிவத்தைக் கம்ப்யூட்டரில் நிரப்ப என் மகள் நிலாவை உட்கார வைத்தேன். அவளுக்குப் பதிமூன்று வயது. தமிழ் நன்றாகவே பேசுவாள், ஆனால் ஜெர்மன்காரர்கள் மாதிரி ஒழுங்காகப் பேசுவாள், நடுநடுவே சில எழுத்துகள் விழுந்துவிடும். "அப்பா, பாட்டிக்கு எவ்ளோ அன்பணும்?" என்று கேட்டாள். அனுப்பணும் என்று திருத்தினேன். அன்பணும் என்று ஒரு வினைச்சொல் தமிழில் இல்லை என்றும் சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு, அப்போ இருநூறு அன்பறேன் என்றாள்.

தம்பி அனுப்பிய நம்பரைப் போட்டதும் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. எட்டு எழுத்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பதினொன்று இருக்க வேண்டும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. எண்ணிப் பார்த்தோம். பத்து. டிஎன் என்று ஆரம்பித்தது. தமிழ்நாட்டு வங்கிக்கு டிஎன் என்று ஆரம்பிப்பது எனக்கு நியாயமாகவே பட்டது. தம்பியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஒரு எழுத்து குறையுதுடா சேகர்" என்றேன்.

"இன்னாண்ணா குறையுது. நாலு தபா பாத்துட்டுதான் அனுப்ச்சேன்."

"பதினொண்ணு இருக்கணும். நீ அனுப்பினது பத்துதான் கீது."

அவன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னான்:

"அண்ணா, இங்க எல்லா வண்டிக்கும் பத்துதாண்ணா. ஆர்டிஓ ஆபீஸ்லயே அவ்ளோதான் குடுக்கறாங்க."

அவன் ஓட்டுவது ஸ்விஃப்ட் கார். வாசலில் இறங்கி, பின்பக்கத் தகட்டைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாக அனுப்பியிருக்கிறான். அண்ணன் எதற்குக் கேட்கிறான், போலீஸில் ஏதாவது புகாரா என்று அதுவரை பயந்துகொண்டு வேறு இருந்திருக்கிறான். நிலா சிரிக்க ஆரம்பிப்பதற்குள் நான் படிவத்தை மூடிவிட்டேன். பத்து எழுத்தோடு இன்னும் ஒன்றைச் சேர்த்திருந்தால் என் இருநூறு யூரோ பூந்தமல்லி பதிவு எண் கொண்ட ஒரு காருக்குப் போகப் பார்த்திருக்கும். அவன் அனுப்பிய நம்பரை அழிக்க மறந்துவிட்டேன். அது 'அம்மா ஸ்விஃப்ட்' என்ற பெயரில் என் போனில் அப்படியே கிடந்தது.

3

உண்மையான குறியீட்டைப் பற்றி இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதம் அதோடு குடித்தனம் நடத்தினேன். முதல் நான்கு எழுத்து வங்கியின் பெயர். அடுத்த இரண்டு நாடு. அதற்கடுத்த இரண்டு ஊர். கடைசி மூன்று கிளை. குறிப்பாகக் கிளை எதுவும் இல்லையென்றால் அந்த இடத்தில் மூன்று எக்ஸ் போட்டுக்கொள்ளலாம், உலகத்தில் எந்த வங்கியும் ஆட்சேபிக்காது.

ஊரில் இன்னொரு குறியீடு இருக்கிறது, ஐஎஃப்எஸ்சி. உள்நாட்டுக்கு மட்டும். அதற்கும் பதினோரு எழுத்து. ஆவடியில் தம்பி முதலில் கேட்டு வாங்கியது அதைத்தான். கம்ப்யூட்டர் எண்ணிப் பார்த்துத் திருப்தியடைந்தது, பிறகு வேறு காரணம் சொல்லி மறுத்தது.

தம்பி மறுபடியும் கிளைக்குப் போனான். கவுன்ட்டரில் இருந்தது வடக்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்த ஓர் இளம்பெண். ஆறு மாதத்தில் கற்ற தமிழில், இந்தக் கிளையில் ஸ்விஃப்ட் இல்லை, சிட்டியில் இருக்கும் பெரிய கிளையில்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். வெளியே நிற்கும் வண்டியைக் காட்டினாயா என்று தம்பியைக் கேட்டேன். "ஒருதபா பட்டாச்சு போதும்ணா" என்றான். அந்தப் பெண் பெரிய கிளையின் குறியீட்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். ஆவடிக்குப் போக வேண்டிய பணம் முதலில் நகரத்துக்குள் போய், அங்கிருந்து திரும்பி ஆவடிக்கு வரும். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வழிதான், ஆனாலும் மூக்கு கிடைத்துவிடும்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டியது. சீட்டை நீட்டும்போதே அவள் இன்னொன்றும் சொன்னாள். வங்கிகள் சேர்ந்த பிறகு அம்மாவின் கணக்கில் கேஒய்சி புதுப்பிக்கவே இல்லை. அம்மா ஆதார் கார்டோடு நேரில் வந்து ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் இனி வெளிநாட்டுப் பணம் உள்ளே வராது.

கோவில்பதாகையிலிருந்து ஆவடிக் கிளைக்குக் காரில் பத்து நிமிடம். கார் வாசலிலேயே நிற்கிறது. அதன் நம்பரைக்கூட எண்ணிப் பார்த்தாகிவிட்டது. நாளைக்கே முடிந்துவிடும் என்று மனைவி மலரிடம் சொன்னேன். மலர் இங்கே மருத்துவமனையில் வேலை செய்கிறாள், நாளைக்கே முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும் நம்புவதில்லை.

4

முதல் நாள் அம்மாவுக்கு முட்டி வலி. அடுத்த நாள் வெயில். அதற்கடுத்து மாங்காட்டுக்குக் கோயிலுக்குப் போனாள், தம்பியின் காரில், முட்டி வலியோடு. பிறகு மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

மாவு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடமாக அம்மா இட்லி மாவு அரைத்துத் தெருவில் விற்கிறாள். உனக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டபோது, பொழுது போகவில்லை என்றாள். இங்கே வயதானவர்கள் பொழுது போக்குக்குப் பானை செய்கிறார்கள், ஸ்வெட்டர் பின்னுகிறார்கள். அம்மாவும் அப்படி ஏதோ செய்கிறாள் என்று நினைத்து, மலரிடம் பெருமையாகக்கூடச் சொன்னேன்.

மூன்றாவது வாரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு கையெழுத்துக்கு இத்தனை அலைக்கழிப்பா, நான் இங்கிருந்து கெஞ்ச வேண்டுமா என்று தம்பியிடம் கத்தினேன். அவன் வண்டியை ஓரங்கட்டுவது போனில் கேட்டது.

"அண்ணா, உண்மையச் சொல்லிடறேன். அம்மாக்கு உன் பணம் வேணாமாம். ரெண்டு வருசமா அதுல ஒத்த ரூபா எடுக்கல."

ஏன் என்று கேட்டேன்.

"எங்கிட்ட இன்னாத்துக்குக் கேக்கற. நீதான் ஜீவனாம்சம்னு எழுதி அனுப்பறியாமே."

நடந்தது இதுதான். வங்கி மாறிய பிறகு ஆவடிக் கிளையில் பாஸ்புக் அச்சடிக்கும் மெஷின் ஒன்று வைத்தார்கள். பழைய மெஷின் தேதியும் தொகையும் மட்டும் போடும். புதியது, பணம் எதற்காக வந்தது என்பதையும் சேர்த்து இங்கிலீஷில் அடிக்கிறது. அம்மா அதைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் காட்டி, இன்னா போட்டுகீது என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் 'ஃபேமிலி மெயின்டனன்ஸ்' என்று படித்தாள். எனக்கும் மாதாமாதம் இதுதான் வருகிறது என்று தன் பாஸ்புக்கையும் காட்டினாள். பூந்தமல்லி கோர்ட்டில் மூன்று வருடம் நடையாய் நடந்து புருஷனிடமிருந்து வாங்கியதாம்.

அம்மா பாஸ்புக்கை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் கிரைண்டரைத் துடைத்து வைத்தாள்.

5

அந்தச் சொல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பதினொரு வருடத்துக்கு முன் முதல் படிவத்தை நிரப்பும்போது, பணம் எதற்காக என்று ஒரு கட்டம் இருந்தது. என்ன எழுதுவது என்று தெரியாமல், கூட வேலை பார்த்த ஓர் ஆந்திராக்காரரைக் கேட்டேன். ஃபேமிலி மெயின்டனன்ஸ் என்று போடு, எவனும் கேள்வி கேட்க மாட்டான் என்றார். போட்டேன். உண்மையிலேயே பதினொரு வருடம் எவனும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவளும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு மெயின்டனன்ஸ் புதிய சொல் இல்லை. அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் மெயின்டனன்ஸ் பிரிவில் ஃபிட்டர். எனக்கு இங்கிலீஷ் தெரிவதற்கு முன்பே மெயின்டனன்ஸ் தெரியும். மெஷின் நின்றுவிட்டால் கம்பெனியிலிருந்து ஆள் வரும். பொங்கலன்று பானை அடுப்பில் இருக்கும்போதுகூட வந்திருக்கிறது. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுப்பார். திரும்பி வந்ததும் அம்மா சாப்பாட்டைக்கூடக் கேட்க மாட்டாள், "ஓடுதா?" என்றுதான் கேட்பாள். ஓடுது என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போவார்.

முகப்பேரில் ஃபிளாட் வாங்கிய என் நண்பனுக்கு மெயின்டனன்ஸ் என்றால் லிஃப்டுக்கும் வாட்ச்மேனுக்கும் மாதாமாதம் கட்டுவது. கோர்ட்டுக்குப் போன பெண்ணுக்கு அது ஜீவனாம்சம். என் வங்கிக்கு அது ஒரு கட்டத்தில் நிரப்பும் காரணம். ஒரே சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இத்தனை அர்த்தம் இருக்கும்போது, அம்மாவிடம் போய்ச் சேர்ந்தது அந்தப் பெண்ணின் அர்த்தம் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவைக் கூப்பிட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அரசாங்கமே வைத்திருக்கும் பெயர் அது என்று ஆரம்பித்தேன். அதற்கு ஓர் எண்கூட இருக்கிறது என்றேன். அம்மா குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டாள். கிரைண்டர் ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது, அதை நிறுத்தினாள்.

"மொதல்ல அந்தப் பொண்ணு மெயின்டனன்ஸுன்னு படிச்சிச்சா, எனக்கு உங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு. அவரு கம்பெனிலேர்ந்துதான் எதுனா போட்டுகீறாங்கன்னு சந்தோசமாகூட இருந்துச்சு. அப்பாலதான் அது சொல்லுச்சு. ஊட்டுக்கு வேணாம்னு தள்ளி வெச்சவங்களுக்குக் குடுக்கறதாம். மாசம் பொறந்தா பணம் கரெக்டா வந்துடுமாம். ஆளு மட்டும் வர மாட்டானாம்."

"அது அவங்க கேஸும்மா" என்றேன்.

"எனக்கும் அப்டிதானடா வந்துகினு இருந்துச்சு."

நான் தாளைப் பார்த்தேன். இதற்குப் பதில் எழுதி வைக்கவில்லை. அப்பா செய்த வேலைதான்மா அந்தச் சொல்லுக்கு உண்மையான அர்த்தம், குடும்பம் ஓடுவதற்காகக் கொடுப்பது என்று ஏதோ சொன்னேன்.

"உங்கப்பா வேலைய எனக்கு நீ சொல்லாத" என்றாள் அம்மா. அவள் குரல் உயரவில்லை. "மிசினு நின்னுபோச்சுன்னா அவரு போய் நிப்பாரு. எண்ணெய மட்டும் அம்பத்தூருக்கு அனுப்ச்சிட்டு ஊட்ல குந்திகினு இருக்கல."

நான் ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. கொரோனா, பாஸ்போர்ட் மாற்றம், நிலாவின் பள்ளி விடுமுறை, மலரின் ஷிஃப்ட், டிக்கெட் விலை. காரணங்கள் எல்லாம் உண்மை, ஒன்றுகூடப் பொய் இல்லை. அடுக்கிப் பார்த்தால் ஆறு வருடம் வருகிறது. எனக்கு அழுகை வந்தது. அடுத்த அறையில் நிலா இருந்ததால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். நாற்பத்தைந்து வயதில், கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, அம்மா என்னைப் பார்க்கவில்லை என்று நிம்மதியாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அம்மா லைனிலேயே இருந்தாள். பிறகு, "கையெழுத்துதான வேணும்? நீ வந்து பேங்குக்குக் கூட்டிகினு போ. போடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

6

டிக்கெட் எடுத்தேன். எனக்கும் நிலாவுக்கும். மலருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை. எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று நிலா கேட்டாள். பாட்டி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அதற்கு என்றேன். ஒரு கையெழுத்துக்கு இரண்டு டிக்கெட்டா என்று ஜெர்மனில் கேட்டாள். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு நன்றாக வருகிறது. பெட்டியில் துணி அடுக்கும்போது, பாட்டியிடம் என்ன பேசுவது என்று தனக்குத் தெரியவில்லை என்றாள். அவள் பாட்டியைக் கடைசியாகப் பார்த்தது ஏழு வயதில். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன்.

சென்னை விமான நிலையத்தில் காலை ஒன்பது மணிக்கு வெளியே வந்தோம். ஆறு வருடத்தில் கார் நிற்கும் இடத்தை மாற்றிவிட்டார்கள், தம்பி எங்கே நிற்கிறான் என்று தெரியவில்லை. மூன்றாவது வரிசை என்கிறான். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மூன்றாவது வரிசையில் வெள்ளை ஸ்விஃப்ட் கார்களாகவே நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் மஞ்சள் தகடு. நிலாதான் என் போனை வாங்கி எதையோ தேடினாள். 'அம்மா ஸ்விஃப்ட்' என்பதைத் திறந்து, ஒவ்வொரு வண்டியாகத் தகட்டைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றின் முன்னால் நின்று கையைத் தூக்கினாள். பத்து எழுத்தும் சரியாக இருந்தன.

"பாத்தியா, நான் அனுப்ச்ச நம்பர் கரெக்டுதான" என்றான் தம்பி, பெட்டியைத் தூக்கி டிக்கியில் வைத்தபடி.

போரூர் தாண்டிப் பூந்தமல்லி வழியாக ஆவடி போய்ச் சேர்வதற்குள் தம்பி வங்கிக் கதையை நிலாவுக்கு முதலிலிருந்து சொன்னான். அவளுக்குப் பாதி புரிந்தது, பாதிக்குச் சிரித்தாள். நான் பின்னால் உட்கார்ந்து, அம்மாவிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு வந்தேன். இந்த முறை தாள் இல்லை.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். சேலையில் மாவுக்கறை இருந்தது. முதலில் நிலாவைத் தொட்டாள், இரண்டு கன்னத்தையும், பிறகு தோளை அளந்து பார்ப்பது போல. நிலா எதுவும் தோன்றாமல், ஜெர்மனியிலிருந்து கிளம்பும்போது மனப்பாடம் செய்திருந்ததைச் சொன்னாள்: "பாட்டி, அம்மா உங்களுக்கு ஸ்வெட்டர் அன்பினாங்க." அம்மா என்னைப் பார்த்தாள். நான் திருத்தவில்லை.

பிறகு என் பக்கம் வந்தாள். போனில் ஆறு வருடம் என் முகத்தை மட்டும், அதுவும் நெற்றிக்குக் கீழே மட்டும், பார்த்தவள். கேமராவை அப்படித்தான் பிடிப்பேன். முன்மண்டையில் முடி இல்லை, மீதி இருப்பதில் பாதி வெள்ளை. கையைத் தூக்கி என் தலையில் வைத்து முன்னும் பின்னும் தடவினாள்.

"வழியில நெறைய புடிச்சிக்கினானுங்க போல கீதேடா" என்றாள்.

ஆமாம்மா என்றேன்.

"சரி உடு. வந்து சேந்துச்சு இல்ல."